மன்னார்க் கடலில் துளையிடும் முன்: கொழும்பில் இருந்தபடி ஆட்சேபம் எழுப்ப ஒரு முழு வழிகாட்டி

பத்திரிகையின் உட்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்கும் காணி விற்பனை விளம்பரங்களுக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி எப்போதாவது வரும். மேலே அரச இலச்சினை. அதன் கீழே "சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்காக" என்று தொடங்கும் ஒரு வாக்கியம். இடையில் மூச்சு வாங்கித்தான் படித்து முடிக்க வேண்டும். அதன் கடைசியில் ஒரு கால எல்லை இருக்கும்: 30 நாட்கள். மன்னார்க் கடலில் எண்ணெய்க் கிணறோ எரிவாயுக் கிணறோ வருவதாக இருந்தால், சாதாரண குடிமகனுக்குச் சட்டம் திறந்து வைக்கும் முக்கியமான கதவு அந்தப் பெட்டிதான். பல வீடுகளில் அது மறுநாள் வடையில் எண்ணெய் ஒற்றப் போய்விடுகிறது.

இதைக் கொழும்பில் வாழும் தமிழருக்காக எழுதுகிறேன். கடல் மன்னாரில் இருக்கிறது. கோப்பு கொழும்பில் இருக்கிறது. பேசாலை மீனவர் ஒருவர் அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டுமானால் இரவு பஸ் ஏறி, ஒரு நாள் தொழிலை விட்டு, காலையில் கோட்டையில் முகம் கழுவிக்கொண்டு பத்தரமுல்லைக்குப் போக வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து நமக்கு அது ஒரு மணி நேரப் பயணம். கோப்பில் பெரும்பகுதி ஆங்கிலம், அலுவலகத்தின் பேச்சு சிங்களம், கடலை அறிந்தவர்களின் அறிவு தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவே ஓடித் திரிய ஆள் வேண்டும்.

முதலில் நிலவரம்

மன்னாரில் எண்ணெய் தேடுவது புதிய கதை அல்ல. 1970களிலேயே சோவியத் உதவியோடு பேசாலையில் துளையிட்டுப் பார்த்தார்கள். விற்கக்கூடிய அளவில் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு 2003ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்தது. அதன் கீழ் 2008இல் மன்னார்ப் படுகையின் ஒரு வலயம் கெயின் இந்தியாவின் துணை நிறுவனமான கெயின் லங்காவுக்குக் கொடுக்கப்பட்டது. 2011இல் டொராடோ, பராகுடா என்று பெயரிட்ட இரண்டு கிணறுகளில் எரிவாயு இருப்பது தெரிந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து கிடந்த 2015இல் அந்த நிறுவனம் வலயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. 2021இல் 21ஆம் இலக்கச் சட்டம் பழையதன் இடத்தைப் பிடித்தது. பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை என்று ஒன்று உருவானது. வலயங்களை மீண்டும் ஏலத்துக்கு விடும் பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது.

டொராடோ இருந்த இடத்தில் கடலின் ஆழம் 1,300 மீற்றருக்கு மேல். 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்தபோது, கிணறு ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்தில் இருந்தது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களும் அமெரிக்க அரசும் சேர்ந்து நின்றும் அதை அடைக்க 87 நாட்கள் ஆயின. மன்னார்க் கிணறும் அப்படித்தான் வெடிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஆழத்தில் ஏதாவது நடந்தால் யார் வருவார்கள், எத்தனை நாளில் வருவார்கள் என்று கேட்பது மிகையான கேள்வி அல்ல என்றே சொல்கிறேன்.

படி 1: எந்தக் கட்டம் என்று அறிந்துகொள்ளுங்கள்

"எண்ணெய் எடுக்கப் போகிறார்களாம்" என்று யாராவது சொன்னால் உடனே பதாகை எழுத உட்கார வேண்டாம். இந்தத் தொழில் படிப்படியாக நகர்வது. முதலில் நில அதிர்வு ஆய்வு: கப்பல் ஒன்று காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துக்கொண்டு கடலில் கோடு கோடாகப் போகும், அந்த வெடியொலி கடலடிப் பாறைகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும். அடுத்து தேடல் கிணறு. ஏதாவது கிடைத்தால் அளவு பார்க்க மேலும் சில கிணறுகள். அதன் பிறகே உற்பத்தி, குழாய், கரையில் ஓர் ஆலை. முடிவில், பல ஆண்டுகள் கழித்து, எல்லாவற்றையும் மூடிக் கழற்றும் வேலை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் கேள்வி வேறு. நில அதிர்வு ஆய்வின்போது கேட்க வேண்டியது ஒலியைப் பற்றி: எந்த மாதத்தில், திமிங்கிலங்களைக் கவனிக்கக் கப்பலில் யார் இருப்பார், ஒலியை மெதுவாக உயர்த்துவார்களா, வலை விரித்திருக்கும் மீனவருக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல். தேடல் கிணறு என்றால் துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேறு, வெட்டி எடுக்கும் கற்துகள், வெடிப்பைத் தடுக்கும் கருவி. ஆய்வுக் கட்டத்தில் போய் "குழாயால் பவளப்பாறை உடையும்" என்று எழுதினால், "இப்போது குழாய் எதுவும் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த வரி கோப்பில் நிலைத்துவிடும். நீங்கள் விடயம் தெரியாமல் எழுதுபவர் என்ற பெயரும் அதனுடன் சேர்ந்து நிலைக்கும்.

படி 2: வரைபடத்தை மேசையில் விரியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் எனக்குப் பிடித்தது.

வலயத்தின் எல்லைகள் அகலக்கோடு, நெடுங்கோடு எண்களாகத்தான் தரப்படும். அந்த எண்களை ஒரு கடல் வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். பிறகு பாதுகாக்கப்பட்ட இடங்களை அதே தாளில் குறியுங்கள்: கற்பிட்டிக்கு அப்பால் 1992இல் அறிவிக்கப்பட்ட பவளப்பாறைச் சரணாலயம், 2008இல் சரணாலயமாகி 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய வங்காலை, 2015இல் அறிவிக்கப்பட்ட இராமர் அணைக் கடல் தேசியப் பூங்கா, 2016இல் இயற்கை ஒதுக்கிடமான விடத்தல்தீவு, கரையில் வில்பத்து. கிணற்றில் இருந்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோமீற்றர் என்று அளந்து ஓரத்தில் எழுதுங்கள்.

அதோடு நிறுத்தினால் அது அலுவலக வரைபடம்தான். 2012இல் பேசாலை மீனவர் ஒருவர் கண் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு எதிரே உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு கண்ணில் கட்டு. நான் விரித்து வைத்திருந்த வரைபடத்தின் மேல் குனிந்து, மற்றக் கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது யார் கீறிய படம்? இதில் பார் ஒன்றையும் காணவில்லையே" என்றார். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. முத்துக் குளித்த காலத்திலிருந்து பெரிய பார், செவல் பார் என்று பெயர் சொல்லி வருகிற இடங்கள். பென்சிலை வாங்கி, தூரத்தைக் கிலோமீற்றரில் அல்லாமல் கரையில் தெரியும் அடையாளங்களைக் கொண்டு கணித்து, ஒவ்வொன்றாகக் குறிக்கத் தொடங்கினார். இங்கே கடற்புல், இங்கே முன்பு கடற்பசு வலையில் அகப்பட்டிருக்கிறது, இங்கே சோளகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலத்தில்) போக முடியாது, இங்கே வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கினால் சூடை மீன் வரும். ஒரு மணி நேரத்தில் என் சுத்தமான வரைபடம் கரிக்கோடுகளால் நிறைந்துவிட்டது. பிற்பாடு நான் படித்த அறிக்கைகளில் அந்தக் குறிப்புகளில் பாதிகூட இல்லை.

ஆகவே மன்னார், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கம் உறவினர், நண்பர், பாடசாலைத் தோழர் என்று யார் இருந்தாலும் பேசுங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாகப் போவது இன்னும் நல்லது. எழுதும்போது சொன்னவரின் பெயரை அவர் சம்மதித்தால் மட்டும் சேருங்கள். ஆனால் எந்த மாதம், எந்த இடம், என்ன ஆழம், எத்தனை ஆண்டு அனுபவம் என்பவற்றை விட்டுவிடாதீர்கள்.

படி 3: எந்தக் கதவைத் தட்டுவது

தேசிய சுற்றாடல் சட்டம், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம். 1988இல் செய்யப்பட்ட திருத்தம்தான் பெரிய திட்டங்களுக்குச் சூழல் ஆய்வு வேண்டும் என்ற பகுதியைச் சேர்த்தது. எந்தெந்தத் திட்டங்கள் என்பதை 1993 ஜூனில் வந்த 772/22ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி பட்டியலிட்டது. அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்திருப்பதால் நடப்புப் பட்டியலை மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடற்கரைச் சட்டம் வேறு: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கம். அதன் எல்லை கரையில் 300 மீற்றர், கடலில் 2 கிலோமீற்றர். ஆழ்கடல் கிணறு இதற்குள் வராது. குழாயோ ஆலையோ கரை தொடும்போது வரும். கடல் மாசுக்கு 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையும் உள்ளன. தேசிய ஒதுக்கிடம் ஒன்றின் எல்லையில் இருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதாக இருந்தாலும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

ஒரே கடிதத்தை இவர்கள் எல்லோருக்கும் அனுப்புவது நம்மவர் வழக்கம். "பிரதி: ஜனாதிபதி, பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், ஆயர் இல்லம்" என்று நீளும். யாருக்கும் பொறுப்பில்லாமல் போவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. அந்தந்த அலுவலகத்தின் அதிகாரத்துக்குள் வரும் கேள்வியை அந்தந்த அலுவலகத்திடம் மட்டும் கேளுங்கள்.

படி 4: தகவலறியும் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. அவர்களும் கேட்கக் கூடாது. தமிழில் எழுதலாம்.

"திட்டம் பற்றிய சகல தகவல்களும் தேவை" என்று எழுதினால் ஒன்றும் வராது. இப்படி எழுதுங்கள்:

"மன்னார்ப் படுகையில் நில அதிர்வு ஆய்வு அல்லது துளையிடலுக்காக கடந்த 24 மாதங்களில் பெறப்பட்ட விண்ணப்பங்களின் பட்டியல், திகதியுடன். அவை ஒவ்வொன்றுக்கும் சூழல் ஆய்வு தேவையா என்று எடுக்கப்பட்ட தீர்மானத்தின் பிரதி. வழங்கப்பட்ட ஆய்வு விதிமுறைகளின் பிரதி. வலய எல்லைகளின் அகலக்கோடு, நெடுங்கோடு விவரம்."

நான்கு கேள்வி போதும். ஒவ்வொன்றும் ஒரு தாளைச் சுட்ட வேண்டும். "அதிகாரசபையின் நிலைப்பாடு என்ன" போன்ற கேள்விக்கு விடையாகத் தரத் தாள் எதுவும் இல்லை.

கால அட்டவணையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தருவதா இல்லையா என்று தீர்மானிக்கத் தகவல் அலுவலருக்கு 14 வேலை நாட்கள். தருவதாகத் தீர்மானித்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தர வேண்டும்; காரணம் சொல்லி 21 நாட்கள் வரை நீட்டலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. வணிக இரகசியம் என்பதே நீங்கள் அதிகம் சந்திக்கப்போகும் மறுப்பு. அதற்கு எதிரான விடை அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில் இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கு செல்லாது. மேன்முறையீட்டில் அந்த எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

நான் முதலில் அனுப்பிய விண்ணப்பத்துக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் இருந்து சிங்களத்தில் பதில் வந்தது. கோபத்தில் ஒரு வாரத்தை வீணாக்கினேன். பிறகு அரசமைப்பின் மொழி ஏற்பாட்டைச் சுட்டி இரண்டு வரி எழுதினேன். தமிழ்ப் பிரதி வந்தது. ஆனால் அந்த ஒரு வாரம் மேன்முறையீட்டுக்குரிய 14 நாட்களில் இருந்து போன வாரம். மொழிச் சண்டையையும் மேன்முறையீட்டையும் ஒரே நாளில் இரண்டு உறைகளில் அனுப்புங்கள்.

படி 5: அந்த 30 நாட்கள்

ஒரு திட்டத்துக்கு இரண்டு விதமான ஆய்வுகளில் ஏதாவது ஒன்று கேட்கப்படும். சிறியது ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை. பெரியது சுற்றாடல் தாக்க மதிப்பீடு. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சிறியதில் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை; பெரியதில் உண்டு. எனவே உங்கள் முதல் போராட்டம் பல நேரங்களில் திட்டத்தோடு அல்ல, "இதற்குச் சிறிய ஆய்வு போதும்" என்ற ஒரு பக்கக் கடிதத்தோடுதான். தகவல் விண்ணப்பத்தில் அந்தத் தீர்மானத்தின் பிரதியைக் கேட்கச் சொன்னது இதற்காகவே. எதை ஆராய வேண்டும் என்று சொல்லும் ஆய்வு விதிமுறைகள் எழுதப்படும் முன்பே உங்கள் வரைபடத்தோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பின்னர் "இது ஆய்வின் எல்லைக்கு வெளியே" என்று தள்ளிவிடுவது அவர்களுக்குச் சிரமமாகும்.

மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் ஒரு பத்திரிகையிலும் அறிவித்தல் வர வேண்டும். வார வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும். அதிவிசேடம் எந்த நாளும் வரும். எங்கள் குழுவில் ஐந்து பேர் பத்திரிகைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒருவருக்கு ஒரு பத்திரிகை, பார்த்ததும் ஒரு செய்தி. பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஐந்தில் ஒருவர் எப்படியும் மறந்துவிடுவார் என்பதால்தான் ஐந்து பேர்.

அறிக்கை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தலிலேயே இருக்கும்: பெரும்பாலும் பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை, சம்பந்தப்பட்ட பிரதேச செயலகம், பிரதேச சபை. கொள்ளுப்பிட்டியில் 177 ஏறிப் பத்தரமுல்லையில் இறங்கினால் அங்கிருந்து முச்சக்கரவண்டி. முதல் நாளே போங்கள். தண்ணீர்ப் போத்தல், பென்சில், கைபேசிக்கு மின்னேற்றி. நானூறு, ஐந்நூறு பக்கத்தை முதலில் இருந்து படிக்கத் தொடங்கினால் பத்தாவது நாள் நாட்டின் காலநிலை பற்றிய அத்தியாயத்தில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். நான் படிக்கும் ஒழுங்கு இது: முதலில் பின்னிணைப்பில் கள ஆய்வுத் திகதிகள். எத்தனை நாள் கடலில் நின்றார்கள், எந்த மாதத்தில்? மூன்று நாள் பார்த்துவிட்டு "கடற்பசு காணப்படவில்லை" என்று எழுதியிருந்தால், உங்கள் ஆட்சேபத்தின் முதல் பந்தி தயார். இரண்டாவது, மாற்று வழிகள் பற்றிய அத்தியாயம். திட்டத்தைச் செய்யாமல் விடுவதும் அங்கே ஒரு மாற்றாக ஆராயப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, எண்ணெய்க் கசிவு மாதிரி. நான்காவது, பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகளின் அட்டவணை. அதில் "இயன்றவரை", "தேவைப்படின்" என்ற சொற்கள் எத்தனை இடங்களில் வருகின்றன என்று எண்ணுங்கள். எண்ணியதை அப்படியே எழுதலாம்.

கசிவு மாதிரி என்றதும் காற்றைப் பாருங்கள். இது கொழும்பு அலுவலகத்துக்கு மறந்து போகக்கூடிய, மன்னார்ப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விடயம். சோளகத்தில் கடல் மன்னார்க் கரையை நோக்கி அள்ளும். வாடையில் போக்கு மாறும். கணிப்பு இரண்டு பருவத்துக்கும் செய்யப்பட வேண்டும்.

கருத்துரை எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி. கற்பனை அறிக்கை ஒன்றை வைத்து எழுதுகிறேன்.

பயன்படாதது: "இத்திட்டம் எமது கடல் வளத்தை முற்றாக அழித்துவிடும். உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்."

பயன்படுவது: "அறிக்கையின் 6ஆம் அத்தியாயத்தில் எண்ணெய்க் கசிவு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான காலத்துக்கு மட்டுமே கணிக்கப்பட்டுள்ளது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கரையை நோக்கி வீசுகிறது. அக்காலத்தில் கசிவு ஏற்பட்டால் வங்காலைச் சரணாலயத்தை எத்தனை மணி நேரத்தில் அடையும் என்பது அறிக்கையில் இல்லை. இக்கணிப்பு சேர்க்கப்பட்டு மீண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் வரை அனுமதியைத் தள்ளிவைக்குமாறு கோருகிறேன்."

இரண்டாவதில் ஓர் அத்தியாய எண், ஒரு குறை, ஒரு விளைவு, ஒரு கோரிக்கை இருக்கின்றன. கருத்துரைகள் திட்டக்காரரிடம் பதிலுக்குப் போகும். முதல் கடிதத்துக்கு "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதிவிடலாம். இரண்டாவதுக்கு யாராவது உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டும். இதே காரணத்தால், ஒரே கடிதத்தை முந்நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. முந்நூறுக்கும் ஒரே பதில் போதும். முப்பது பேர் முப்பது வேறு குறைகளை எழுதினால் முப்பது பதில் வேண்டும். ஒருவர் வலைச் சேதம், ஒருவர் பறவை, ஒருவர் வள்ளங்களுக்கான இழப்பீடு, ஒருவர் துளையிடும் சேற்றில் கலக்கும் இரசாயனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாய்மூல விசாரணை வேண்டும் என்பதையும் ஒவ்வொரு கடிதத்திலும் கேளுங்கள். பொதுநலன் கருதி அதற்கு வாய்ப்புக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

கட்டாயம் கேட்க வேண்டிய இரண்டு. ஒன்று, வெடித்த கிணற்றை மூடும் கருவி எந்த நாட்டில் இருக்கிறது, மன்னாருக்கு வந்து சேர எத்தனை நாள்? இரண்டு, துளையிடும் முன் கடலின் நிலை என்னவாக இருந்தது என்பதற்கான பதிவு எங்கே? 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது இந்த இரண்டாவது கேள்வியின் அருமை நமக்குப் புரிந்தது. நீர்கொழும்புக் கரையில் பிளாஸ்டிக் மணிகளைச் சல்லடையில் அரித்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது 2025 ஜூலையில். நான்கு ஆண்டுகள். முன்பு என்ன இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் என்ன இழந்தோம் என்றும் காட்ட முடியாது.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நான் ஒரு தடவை சாதாரண முத்திரை ஒட்டி 26ஆம் நாள் அனுப்பினேன். நடுவில் போயா, அதோடு ஒட்டிய சனி, ஞாயிறு. கடிதம் 32ஆம் நாள் சேர்ந்தது. பதினொரு பக்கம், அவ்வளவும் வீண். பிழை என்னுடையது.

படி 6: "பெற்றோல் வரிசையில் நின்றது மறந்துவிட்டதா?"

இந்தக் கேள்வி வரும். வீட்டுக்குள் இருந்தே வரும். 2022இல் காலி வீதி ஓரத்தில் காரை விட்டு, அதற்குள்ளேயே இரவு தூங்கியவர்கள் நாம். "நமக்குச் சொந்த எரிவாயு இருந்தால் இப்படி நடக்குமா" என்று கேட்பவரை எதிரியாகப் பார்க்காதீர்கள்; அவர் கேட்பதில் நியாயம் உண்டு.

நான் சொல்லும் பதில் மூன்று துண்டு. எரிவாயு இருப்பது தெரிந்து ஒரு தலைமுறையில் பாதி கழிந்துவிட்டது. அது 2022இல் ஒரு லீற்றராகவும் வரவில்லை, ஏனென்றால் கண்டுபிடிப்புக்கும் அடுப்புக்கும் நடுவே பல ஆண்டுகளும் பெருந்தொகைப் பணமும் இருக்கின்றன. அடுத்தது, எடுப்பவருக்கு முதலில் அவருடைய செலவு கிடைக்கும், பிறகு பங்கு; நாட்டுக்கு வருவது ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, நாம் கேட்பது "எங்கும் வேண்டாம்" என்பதல்ல. கடற்புல் படுகைக்கும் பாருக்கும் மேல் வேண்டாம், முறையாக ஆராயாமல் வேண்டாம் என்பதுதான். இந்த நிலைப்பாடு சிலருக்கு மென்மையாகத் தெரியலாம். ஆனால் அதை மன்னார் மீனவர் முன்னிலையிலும் சொல்லலாம், அமைச்சின் மேசையிலும் சொல்லலாம்.

பிற நாடுகளில் நடந்ததையும் கைவசம் வைத்திருங்கள். அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தில் துளையிட அமெரிக்கக் காங்கிரஸ் 2017இல் வழி திறந்தது. குவிச்சின் பழங்குடியினரும் சூழல் அமைப்புகளும் வழக்கு, கருத்துரை, வங்கிகளிடம் முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றார்கள். 2021 ஜனவரி ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் வரவில்லை. 2025 ஜனவரி ஏலத்தில் ஒரு கேள்வி மனுகூட வரவில்லை. ஈக்குவடோர் மக்கள் 2023 ஓகஸ்டில் வாக்களித்து யசுனிக் காட்டின் ஒரு வலயத்தில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள்; ஏறத்தாழ 59 வீதம் ஆதரவு. பக்கத்தில் நெடுவாசல்: 2017இல் புதுக்கோட்டை மாவட்டத்து மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக அமர்ந்தார்கள், 2020இல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமானது. நெடுவாசல் நம் மொழியில் நடந்தது என்பதால் அதையே முதலில் சொல்லத் தோன்றும். சிங்கள நண்பர்களிடம் பேசும்போது எப்பாவலையில் தொடங்குங்கள். அது அடுத்த படியில் வருகிறது.

படி 7: புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால்

அனுமதி மறுக்கப்பட்டால் திட்டக்காரர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையிடலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் உங்களுக்கு அப்படியொரு படி இல்லை. நேரே நீதிமன்றம்தான்: மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. இரண்டாவதற்கு அரசமைப்பின் 126ஆவது உறுப்புரை வைக்கும் கால எல்லை ஒரு மாதம். ஆகவே அனுமதி வழங்கப்பட்ட திகதியை அறிந்த அன்றே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். பொதுநல வழக்குகளில் பழக்கமுள்ள சூழல் அமைப்புகள் கொழும்பில் உள்ளன. அவர்களிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். திகதி முத்திரை குத்திய பிரதிகள், தகவல் விண்ணப்பப் பதில்கள், வரைபடம் எல்லாம் ஒழுங்காக அடுக்கிய ஒரு கோப்போடு போனால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

எப்பாவலை பொஸ்பேற்று வழக்கைச் சட்டத்தரணி கட்டாயம் சொல்லுவார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு செய்யவிருந்த அகழ்வு ஒப்பந்தம், வழக்கமான சூழல் ஆய்வு நடைமுறையைச் சுற்றிக்கொண்டு போகும் வகையில் இருந்தது. அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் ஏழு பேர் மனுச் செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பில், முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் முடியும் வரை ஒப்பந்தத்தில் இறங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நாட்டின் வளத்துக்கு அரசு பொறுப்பாளரே அன்றி நினைத்தபடி கையாளும் உரிமையாளர் அல்ல என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் ஊறிக் கிடக்கிறது.

பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழு என்று ஒன்று உண்டு. உறுப்பினர் ஒருவர் ஊடாக மனுவைச் சேர்ப்பிக்கலாம். மெதுவாக நகரும். வேறு எதையும் நிறுத்தாமல் அதையும் செய்து வையுங்கள். பத்திரிகையாளரிடம் போகும்போது ஒரு பக்கம், ஒரு படம், ஒரு மீனவர். அதற்கு மேல் வேண்டாம்.

படி 8: திட்டம் நின்ற பிறகும் நின்றுவிடாதபோதும்

அனுமதி கிடைத்துவிட்டால் அதனுடன் நிபந்தனைகள் இணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலைத் தகவல் விண்ணப்பம் மூலம் வாங்கி, ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே "யார் பார்க்கிறார், எப்போது" என்று ஒரு நிரல் போடுங்கள். காலியாக இருக்கும் கட்டங்கள்தான் அடுத்த விண்ணப்பத்தின் கேள்விகள்.

திட்டம் கைவிடப்பட்டால் காரணத்தைக் கவனியுங்கள். மன்னார்க் காற்றாலைத் திட்டத்தில் இருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியபோது நம்மில் பலர் பறவைகள் வென்றதாகக் கொண்டாடினோம். வழக்குகள் இருந்தது உண்மை. ஆனால் மின்சார விலையை மீண்டும் பேச அரசு முனைந்ததுதான் முன்னால் நின்ற விடயம். விலையால் போனது விலையால் திரும்பி வரலாம். பாதுகாக்கப்பட்ட இடம் என்ற பெயரும் நிரந்தரம் அல்ல: விடத்தல்தீவு ஒதுக்கிடத்தின் ஒரு பகுதியை 2024 மே மாதத்து வர்த்தமானி ஒன்று நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவித்தது, அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டி வந்தது.

கெயின் 2015இல் வெளியேறியதும் "முடிந்தது" என்று நினைத்து எங்கள் கோப்பைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். 2021இல் புதிய சட்டம் வந்தபோது எல்லாவற்றையும் மறுபடி தேட வேண்டியிருந்தது. சுருட்டி அலுமாரியின் மேல் வைத்திருந்ததால் ஒன்று மட்டும் தப்பியது: பேசாலைக்காரர் ஒரு கண்ணோடு குறித்த வரைபடம். பென்சில் கோடு மங்கி வருகிறது. போன மாதம் அதன் மேல் டிரேசிங் தாள் வைத்து மையால் ஏற்றத் தொடங்கினேன். வடக்குப் பக்கம் முடிந்துவிட்டது. பெரிய பார்ப் பக்கம் இரண்டு பெயர்களை வாசிக்க முடியவில்லை. பேசாலைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும்.